எந்தப் பக்கத்துல தூக்கம் வந்துச்சுங்க?

எதைக் காட்டினாலும் 'நல்லா இருக்குது' என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்களைக் கண்டால் எங்கள் சாம்பிள் அக்காவுக்கு ஆகாது. திருப்பூருக்கு நான் வேலைக்கு வந்த முதல் வாரமே இந்த விஷயத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் ஒரு குழந்தைச் சட்டையை என் மேஜையில் விரித்து, "எப்படி இருக்குதுங்க தம்பி?" என்று கேட்டார். புதுசாகச் சேர்ந்தவன் வேறு என்ன சொல்வான்? நல்லா இருக்கு என்றேன்.

"அது கமெண்ட் இல்லீங்க. மரியாதை. மரியாதைய நான் ஊட்டுல வாங்கிக்கறேன். சட்டைல என்ன தப்புன்னு சொல்லுங்க."

நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். ஊரில் பெரியவர்கள் எதையாவது காட்டினால் தலையாட்டிப் பழகியவன். தப்புக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கெஞ்சுகிற ஒரு மனுஷியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அது ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்களுக்கும் தையல் கூடத்துக்கும் நடுவே கடிதம் எழுதிக்கொண்டிருப்பது என் வேலை. மெர்ச்சண்டைசர் என்று அதற்குப் பெரிய பெயர். அவர் சாம்பிள் பிரிவுக்குப் பொறுப்பு. வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் சாம்பிள் அக்கா. எனக்கும் அந்தப் பெயர் போதும்.

திருப்பூரில் ஒரு சட்டை பிறப்பதற்கு முன்னால் பல தடவை பரீட்சை எழுதும். முதலில் ஒரே ஒரு சட்டை தைத்து பையருக்கு கூரியர் போகும். அங்கே அதை யாருக்காவது போட்டுப் பார்ப்பார்கள். கழுத்து அரை சென்டிமீட்டர் பெரிசு, கை இறுக்கம், நிறம் சோகையாக இருக்கிறது என்று கமெண்ட்ஸ் வரும். திருத்தி அனுப்ப வேண்டும். மறுபடி கமெண்ட்ஸ் வரும், மறுபடி திருத்த வேண்டும். 'ஓகே' வந்த பிறகுதான் ஆர்டருக்கான மொத்தத் துணியில் கத்தி படும்.

மற்ற கம்பெனிகளில் கமெண்ட்ஸ் வந்தால் சாம்பிள் பிரிவில் ஒரே கூச்சலாக இருக்கும். பையருக்குக் கண் தெரியவில்லை, அங்கே போட்டுப் பார்த்த ஆளே குண்டு என்றெல்லாம் பேச்சு ஓடும். சாம்பிள் அக்கா ஒரு நாளும் எதிர்ப்பேச்சுப் பேசி நான் பார்த்ததில்லை. மெயிலை வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கழுத்தில் கிடக்கும் அளவு டேப்பை உருவிக்கொண்டு எழுந்துவிடுவார்.

"வெட்டினதுக்கு அப்புறம் அழுது என்னுங்க பண்றது? வெட்டறதுக்கு முன்னாடியே திட்டு வாங்கிக்கலாம். கமெண்ட் வந்தா திருத்தோணும். அதோட சண்டை போடக் கூடாது."

இந்தக் குணம் சாம்பிள் அறையோடு நிற்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கேண்டீன் சாம்பாரை ஒரு வாய் வைத்ததும் சமையல்காரரைக் கூப்பிட்டு, "புளி முன்னாடி வருது, பருப்பு பின்னாடி வருது. ரெண்டையும் சேர்ந்து வரச் சொல்லுங்க" என்பார். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் ரவிக்கை ஒரு பக்கம் தூக்கியிருந்தது. வரிசையில் நின்று மேடையேறிய அக்கா, கைப்பையிலிருந்து ஊசி எடுத்துக் குத்திவிட்டு, அப்புறம்தான் வாழ்த்துச் சொன்னார். வீடியோக்காரர் விளக்கை அணைக்காமல் அதையும் பிடித்தார்.

கொடுப்பது மட்டுமில்லை, வாங்கிக்கொள்ளவும் செய்வார். அயர்ன் பிரிவில் ஒரு அம்மா, "சாம்பிள் அக்காவோட தலைச்சாயம் டியூப்லைட்டுல செம்பட்டையா அடிக்குது" என்று யாரிடமோ சொன்னது அவர் காதுக்குப் போயிற்று. திங்கட்கிழமை அக்கா நரைத்த முடியோடு வந்து நின்றார். எங்களுக்குத்தான் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "அவிய சொன்னது வாஸ்தவம்தானுங்களே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

இப்படிப்பட்டவர் நாவல் எழுதினால் என்ன ஆகும்? எழுதினார். அது அச்சாகவில்லை. ஆனால் அச்சான எத்தனையோ நாவல்களுக்கு அத்தனை வாசகர் கருத்து வந்திருக்காது.

ஒரு மதியம் சுருள் கம்பி போட்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்று என் மேஜைக்கு வந்தது. சட்டைக்குக் கட்டுகிற சாம்பிள் அட்டை ஒன்று அதில் தொங்கியது. ஸ்டைல் என்ற இடத்தில் 'போர்' என்றும், சைஸ் என்ற இடத்தில் 'பதினாறு வயது' என்றும் எழுதியிருந்தது.

"கதைங்க தம்பி. வேற ஒரு கிரகத்துல நடக்கற சண்டை. என்ற பொண்ணுக்காக எழுதினது. உங்களுக்கு இது சைஸ் இல்லை. இருந்தாலும் ஒரு தடவை போட்டுப் பாருங்க."

அவருக்கு ஒரே மகள். ராக்கெட்டும் அயல்கிரகமும் வருகிற கதை கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற பெண். அம்மாவும் மகளும் ஸ்கூட்டரில் போகும்போது ஆளுக்கு ஒரு வரியாகக் கதை கட்டிக்கொண்டே போவார்களாம். பத்தாவதில் நல்ல மதிப்பெண் வந்தது. நாமக்கல் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் திருப்பூர்ப் பக்கம் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளை எல்லாம் அப்படித்தான் அனுப்பினார்கள். "ரெண்டு வருசம் பல்லைக் கடிச்சா டாக்டரு" என்பது அன்றைக்கு எல்லா வீட்டிலும் கேட்ட பேச்சு. அவர் வீட்டுக்காரருக்கு அத்தனை விருப்பமில்லை. "நாந்தானுங்க பிடிவாதமாச் சேர்த்தேன்" என்று அக்காவே பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

விடுதியில் கதைப் புத்தகம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன், அதுவும் பின்னால் வரிசை நிற்கும். ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஞாயிறும் நாங்கள் கம்பெனியில்தான் கிடப்போம். அக்கா சாம்பிள் அறை ஜன்னலோரம் போய் நின்று பேசிவிட்டு, முகம் மலர்ந்து திரும்புவார். "நல்லா இருக்கறாளாமா" என்று எங்களுக்கும் சொல்வார். ஸ்கூட்டர் கதைக்கு வழியில்லாமல் போனதால்தான் அவர் எழுத உட்கார்ந்தார்.

கதை இதுதான். வறண்ட ஒரு கிரகத்தில் இரண்டு நகரங்கள் தண்ணீருக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகின்றன. பதினாலு வயதான பிள்ளைகளுக்குப் 'போர்த்தோல்' என்று ஒன்றை மாட்டிவிடுவார்கள். தளபதி எங்கோ உட்கார்ந்து 'ஓடு' என்றால் தோல் ஓடும், உள்ளே இருக்கிற பிள்ளையும் கூட ஓடும். கிழிந்து திரும்புகிற தோல்களைத் தைக்கிற கூடத்தில் ஒரு சின்னப் பெண் வேலை பார்க்கிறாள். தோலைக் கையில் எடுத்தால், அதைப் போட்டிருந்த பிள்ளை எந்த இடத்தில் பயந்தது என்று அவள் விரலுக்குத் தெரியும். கடைசியில் அவள், தோலுக்குக் கட்டளை கேட்கிற காதுப் பக்கத் தையலை மட்டும் பிரித்துப் பிரித்து அனுப்புகிறாள். ஒரு நாள் காலையில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் போர்க்களத்தில் சும்மா உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வாசித்தவர்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "எந்தப் பக்கத்துல தூக்கம் வந்துச்சுங்க?"

நான் மழுப்பிப் பார்த்தேன். விடவில்லை. "அந்த ரெண்டு நிலாவையும் வர்ணிக்கிற இடத்துலக்கா. லேசாக் கொட்டாவி வந்துட்டு" என்றேன். அடுத்த பிரதியில் ஒரு நிலாதான் இருந்தது. என் ஒரு கொட்டாவிக்கு ஒரு நிலாவே போய்விட்டது என்று எனக்குக் குற்ற உணர்ச்சியாகக் கூட இருந்தது. "ஒண்ணு போதுமுங்க, நம்மளுக்கே ஒண்ணுதானே" என்றார்.

கட்டிங் மாஸ்டருக்கு, போர் என்று போட்டுவிட்டு ஒரு குண்டு கூட வெடிக்கவில்லை என்று மனக்குறை. "நாப்பது பக்கம் உக்காந்து படிச்சனுங்க. ஒரு சத்தமும் இல்லை" என்றார். அக்கா மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு குண்டு வைத்தார். செம்பட்டை என்று சொன்ன அயர்ன் பிரிவு அம்மா படிக்கத் தெரியாதவர். அவருக்கு மதிய இடைவேளைகளில் நானே வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சோறே திங்காம எப்படிங்க சண்டை போடுதுக அந்தப் புள்ளைக?" என்றார். அடுத்த பிரதியில் போர்க்களத்துக்குக் களி வந்து சேர்ந்தது, தொட்டுக்கொள்ள ஏதோ ஒரு கிரகத்துக் கீரையும். பஸ்ஸில் கூட வருகிற தமிழாசிரியர் ஒருவர் ஒற்றுப்பிழைகளை வட்டமிட்டு, இளைஞர்களுக்கான கதையில் கடைசியில் நீதி இருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். அக்கா ஒற்றைத் திருத்தினார். நீதியை வைக்கவில்லை. "அது சட்டைல லேபிள் வெளிய தொங்கற மாதிரிங்க" என்றார்.

இத்தனை கமெண்ட் வாங்கியும் அவருக்குத் திருப்தி இல்லை. "நீங்க எல்லாம் பெரிய சைஸ். பதினாறு வயசுக்கு வெட்டினதை நீங்க போட்டுப் பார்த்துப் பிடிக்குதுன்னா என்ன, பிடிக்கலைன்னா என்ன? அவ போட்டுப் பார்த்துச் சொல்லோணும்" என்பார். மகள் வாயிலிருந்து வருகிற கமெண்டுக்குத்தான் அத்தனை ஏற்பாடும். விடுதிக்குள் புத்தகத்தை எப்படிக் கொண்டுபோவது என்பது மட்டும்தான் பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பாய் வந்தார். பட்டன், ஜிப், லேபிள் எல்லாம் எங்களுக்குச் சப்ளை செய்கிறவர். பஸ்ஸில் துப்பறியும் நாவல் படிக்கிற பழக்கம் உண்டு என்பதால் அவருக்கும் ஒரு பிரதி போயிருந்தது. ஜிப் மாதிரிகளை மேஜையில் வைத்துவிட்டு, நாவலை அதன் பக்கத்தில் வைத்தார்.

"எந்தப் பக்கத்துல தூக்கம் வந்துச்சுங்க பாய்?"

"தூக்கம் வரலம்மா. கோவம் வந்துச்சு."

அக்கா டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கமெண்ட் என்றால் அவருக்கு அத்தனை ஆசை.

"இத்தனை புள்ளைங்களைப் பிடிச்சுத் தோலை மாட்டிச் சண்டைக்கு அனுப்புறாங்க. சரி. அந்தப் புள்ளைங்களுக்கு எல்லாம் அம்மா இருந்தாளா, இல்லியா? தளபதி வர்றான், காவக்காரன் வர்றான், களி கூட வருது. ஒரு அம்மாக்காரி கேட்டுக்கு வந்து 'எம்புள்ள எங்க'ன்னு ஏன்மா கேக்கலை?"

மகள் விடுதியில் இருப்பது பாய்க்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மனுஷர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

அக்கா டேப்பை விரலில் சுற்றினார், பிரித்தார். "அது வேற கிரகமுங்க பாய்" என்றார்.

"எந்தக் கிரகமா இருந்தா என்னம்மா? அனுப்பி வச்சவ ஒருத்தி இருக்கணும்ல?"

"அங்க எல்லாம் அப்படித்தானுங்க. எல்லாருமே அனுப்பறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா ஒரு கமெண்டோடு சண்டை போடுகிறார். பையரிடம் போடாத சண்டை, அயர்ன் பிரிவில் போடாத சண்டை. பாய் ஜிப் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரே நிறத்தில் உடுப்பு, மணி அடித்தால் எழுந்து மணி அடித்தால் படுக்கிற பிள்ளைகள், எங்கோ உட்கார்ந்து 'ஓடு' என்கிற குரல். நான் அதுவரை வேறு கிரகத்துக் கதை என்றுதான் வாசித்துக்கொண்டிருந்தேன். எழுதியவரும் அப்படித்தான் நினைத்திருந்தார் போலிருக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்து உறைத்தது. 'நல்லா இருக்குது' என்றால் அது கமெண்டே இல்லை, வெறும் மரியாதை என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர், மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொன்ன 'நல்லா இருக்கேம்மா'வை மட்டும் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அதைச் சொல்ல நான் யார்?

சில நாள் அவர் நாவல் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஒரு காலையில் புது அத்தியாயம் ஒன்று வந்தது. பிள்ளைகளை வைத்திருக்கிற சண்டைக்கூடத்தின் கேட்டுக்கு ஒரு அம்மா நடந்தே வருகிறாள். துணியில் சோற்றைக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறாள். காவல்காரன் அதை வாங்கிக்கொள்கிறான். கேட்டின் கம்பி வழியாகப் பார்க்கிறாள். எல்லாப் பிள்ளைகளும் தோல் மாட்டியிருப்பதால் தன் பிள்ளை எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பிப் போகிறாள்.

"இந்த இடத்துல அடுத்த பக்கம் திருப்ப மனசு வரலக்கா" என்றேன்.

"அப்பச் சரிங்க" என்றார். திருத்தியாயிற்று என்ற நிம்மதி முகத்தில் தெரிந்தது.

அந்தப் பிரதிக்கு வேதியியல் கைடு ஒன்றின் அட்டையைப் போர்த்தி, பெற்றோர் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமையில் மகள் கையில் சேர்த்துவிட்டார். அட்டை மில்லிமீட்டர் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அதில் எல்லாம் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்புறம் ஒரு மாதம், பையரின் பதிலுக்குக்கூட அப்படி அவர் காத்திருந்ததில்லை. போனில் இதைப் பற்றிப் பேச முடியாது, பக்கத்தில் வார்டன் நிற்பார்.

அடுத்து வந்த பெற்றோர் பார்க்கிற நாளன்று ஈரோட்டில் ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்குக் கம்பெனி வேன் போனது. வேலையை முடித்துவிட்டு அப்படியே நாமக்கல் வரை போய்வர முதலாளி சரி என்று சொன்னார். நானும் அக்காவும் போனோம்.

பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். பெற்றோர்கள் அதற்குள்தான் உட்கார வேண்டும். கேட்டைத் தாண்டக் கூடாது. கொட்டகை முழுக்கச் சாப்பாட்டுத் தூக்குப்போசியும் பிரியாணி வாசமுமாக இருந்தது. பிள்ளைகள் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையில் பாடப் புத்தகத்தைப் பிடித்திருந்தார்கள். அம்மாக்கள் விசிறினார்கள். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி இரட்டைச் சடையும் நீலச் சுடிதாருமாக வந்ததில் அக்காவே ஒரு நொடி தன் மகளைத் தேடினார். அவள்தான் பின்னால் வந்து தோளைத் தொட்டாள்.

அக்கா காட்டிய போட்டோவில் நான் பார்த்த பெண் இல்லை. கழுத்தெலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்து, "வாங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள். அக்கா பாய் விரித்து, போசியைத் திறந்து, எனக்கும் ஒரு தட்டு வைத்தார்.

"எப்படி இருக்கறே கண்ணு?"

"நல்லா இருக்கேம்மா."

அக்கா கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. அன்றைக்குத்தான் அவர் காதில் அது சரியாக விழுந்திருக்க வேண்டும். சோற்றைப் போட்டார். பிறகு, குரலைத் தாழ்த்தி, தன் கேள்வியைக் கேட்டார்.

"அந்தக் கைடு... எந்தப் பக்கத்துல கண்ணு தூக்கம் வந்துச்சு?"

"தூங்கலைம்மா."

"ஒரு பக்கத்துல கூடவா?"

"இல்லை. ரூம்ல எல்லாரும் படிச்சுட்டோம். ஆனா ஒண்ணு."

"சொல்லு அம்மிணி. என்ன தப்பு?"

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

"அந்த அம்மா அத்தனை தூரம் நடந்து கேட் வரைக்கும் வந்தாளே. சோத்தைக் குடுத்துட்டு ஏம்மா திரும்பிப் போனா? உள்ள வந்திருக்கலாமில்ல?"

கொட்டகையில் அத்தனை பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா தன் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார், போசியைப் பார்த்தார், தனக்குப் பின்னால் இருந்த கேட்டைப் பார்த்தார்.

அப்புறம் எழுந்தார். சேலையை உதறிச் சொருகிக்கொண்டு கேட்டுக்குப் போனார். வாட்ச்மேன் மறித்தார். வார்டன் அம்மா ஓடிவந்து, "மேடம், பேரண்ட்ஸ் உள்ள வரக் கூடாதுங்க" என்றார்.

"தெரியுமுங்க. நான் உள்ள வர்றனுங்க."

"நாளைக்கு டெஸ்ட் இருக்குது மேடம்."

"இருக்கட்டுமுங்க. அவ பெட்டி எந்த ரூமுல இருக்குதுங்க?"

"என்னங்க மேடம், திடீர்னு இப்படி... நல்லாத்தானே இருக்கறா?"

"கமெண்ட் வந்துருச்சுங்க" என்றார் அக்கா. அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அக்கா ஒரு வார்த்தைக்கு ஒரு 'ங்க' வைத்துக் குரல் உயர்த்தாமல் பேசிக்கொண்டே நடந்தார். வார்டன் கூடவே ஓடினார். முதல்வரின் அறைக்குள் போனதையும் வெளியே வந்ததையும் நான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். திரும்பி வரும்போது அக்கா தலையில் டிரங்குப் பெட்டி இருந்தது. வாட்ச்மேன் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

மகள் எச்சில் கையோடு பாயில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, டாக்டரு?" என்றாள்.

"முதல்ல கையக் கழுவு கண்ணு."

வேன் திருச்செங்கோடு தாண்டுவதற்குள் அந்தப் பெண் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். பல நாள் தூக்கம் அது, வாய் லேசாகத் திறந்திருந்தது. அக்கா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, அவள் கன்னத்தில் உறுத்தாமல் ஓரமாக வைத்தார். டிரைவரிடம், "பள்ளம் பார்த்துப் போங்க" என்றார்.

எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, அந்த அம்மா திரும்பிப் போற இடத்தைக் கதையில மாத்தி எழுதணுமே" என்றேன்.

அவர் மகளின் சடையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மாத்தியாச்சுங்களே தம்பி."